திறந்து பார்க்கப்படாத விண்ணப்பங்கள்

அமெரிக்காவில் இன்று மருத்துவம் படிக்கிறவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் டி.ஓ. பட்டத்துக்குப் படிக்கிறார்கள். மற்றவர்கள் எம்.டி. இரண்டும் நான்காண்டுப் படிப்பு. கல்லூரிப் பட்டம் பெற்று, எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதித்தான் பெரும்பாலும் இரண்டிலும் சேர முடியும். படித்து முடித்து உரிமம் பெற்ற பிறகு இரு பட்டக்காரர்களும் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், பிரசவம் பார்க்கலாம், மண்டையைத் திறந்து கட்டியை எடுக்கலாம். சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றுதான். ஆனால் நான்காம் ஆண்டு செப்டம்பரில், எலும்பு அறுவை, நரம்பு அறுவை, காது மூக்கு தொண்டை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற துறைகளின் ரெசிடென்சி எனப்படும் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பம் போகும்போது, டி.ஓ. மாணவரின் விண்ணப்பம் பல மருத்துவமனைகளில் யார் கண்ணிலும் படாமலேயே ஒதுங்கிவிடுகிறது. விண்ணப்பங்களைச் சலிக்கும் மென்பொருளில் பட்டத்தின் வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு சொடுக்கு போதும்.

இது அநியாயம். தேர்வு கடுமையாக இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நம் உடம்பைத் திறக்கப் போகிறவரைச் சல்லடை போட்டுத்தான் சலிக்க வேண்டும். நிதானமான கை வேண்டும். இரவெல்லாம் விழித்த பிறகும் பிசகாத கவனம் வேண்டும். தவறு நேர்ந்தால் அதை உடனே வாய்விட்டுச் சொல்கிற நேர்மை வேண்டும். இவற்றில் எதையும் பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மதிப்பெண்ணையும் பரிந்துரைக் கடிதத்தையும் படித்துவிட்டு நிராகரித்தால் அதைத் தேர்வு என்று ஒப்புக்கொள்ளலாம். படிக்காமலே நிராகரிப்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

டி.ஓ. என்றால் என்ன என்பதில் நம்மூரில் குழப்பம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று, மகளுக்கு டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று ஊருக்குப் போன் செய்தால், மறுமுனையில் பெரியப்பாவோ சித்தியோ கேட்கும் முதல் கேள்வி, “அது டாக்டர் படிப்புதானா?” என்பதாகத்தான் இருக்கும். கேள்வியில் தப்பில்லை. டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் எலும்பு, தசை வலிகளுக்குக் கையால் சிகிச்சை செய்பவர், மருத்துவர் அல்லர். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே டி.ஓ. முழு மருத்துவர். எம்.டி. மாணவர் படிக்கிற உடற்கூறியலும் மருந்தியலும் அறுவையும் படித்து, அதற்கு மேல் சுமார் 200 மணி நேரம் கையால் தொட்டறிந்து செய்யும் சிகிச்சையையும் கற்கிறார்.

இந்தப் பிரிவைத் தொடங்கிவைத்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். மூளைக்காய்ச்சலில் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த மருத்துவர். பாதரசமும் சாராயமும் மருந்தாகப் புழங்கிய காலத்து வைத்தியத்தில் நம்பிக்கை இழந்து, 1874-இல் ஆஸ்டியோபதியை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் திறந்தார். அவருடைய தொடக்கக் காலக் கொள்கைகள் பலவற்றை இன்றைய அறிவியல் ஏற்காது, இன்றைய டி.ஓ. கல்லூரிகளும் அவற்றை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பாடத்திட்டம் அடுத்த நூறாண்டில் மெல்ல மெல்ல எம்.டி. படிப்போடு ஒன்றாகிவிட்டது. ஒன்றாகாமல் நின்றது அந்தஸ்து மட்டும்தான்.

அந்த அந்தஸ்து எவ்வளவு பொய்யானது என்பதை 1960-களின் கலிபோர்னியா பட்டவர்த்தனமாகக் காட்டியது. அதுவரை அங்கே எம்.டி.க்களுக்கும் டி.ஓ.க்களுக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனி மருத்துவமனை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே ஆஸ்டியோபதிக்குத் தனிப் பிரிவு இருந்தது. பிறகு இரண்டு மாநிலச் சங்கங்களும் உடன்பாடு செய்துகொண்டன. 65 டாலர் கட்டி, ஒரு சிறு வகுப்பில் உட்கார்ந்து வந்தால் டி.ஓ. பட்டத்துக்குப் பதில் எம்.டி. பட்டம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாற்றிக்கொண்டார்கள். ஆஸ்டியோபதிக் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாக மாறியது, இன்று எர்வைனில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் பூர்வீகம் அதுதான். 1962 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக, இனிப் புதிய டி.ஓ.க்களுக்கு அந்த மாநிலத்தில் உரிமம் கிடையாது என்றும் ஆனது.

அந்த மருத்துவர்களின் கை மாறவில்லை, அறிவு மாறவில்லை, அவர்களிடம் வந்த நோயாளிகளும் மாறவில்லை. முந்தின நாள் வரை தகுதியில்லாதவர்கள், 65 டாலருக்குப் பிறகு தகுதியுள்ளவர்கள். 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே கலிபோர்னியாவில் டி.ஓ. உரிமம் மீண்டும் வந்தது. ராணுவ மருத்துவப் படை டி.ஓ.க்களைச் சேர்த்துக்கொள்ள 1966-இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா உத்தரவிட வேண்டியிருந்தது. மிசிசிப்பி 1973-இல்தான் முழு உரிமைக்கு இணங்கியது.

உள்ளே விடாதவர்கள் தங்களுக்கென்று வீடு கட்டிக்கொள்வார்கள். டி.ஓ.க்களும் சொந்தமாக மருத்துவமனைகள் கட்டினார்கள், சொந்தமாக அறுவைப் பயிற்சி நடத்தினார்கள். வில்லியம் ஆண்டர்சனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா மாநிலம் ஆல்பனியில் மருத்துவம் பார்த்த கறுப்பின டி.ஓ. அவர். 1961-இல் அங்கே எழுந்த குடிமை உரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கி, மார்ட்டின் லூதர் கிங்கை ஊருக்கு அழைத்து வந்தவர். பின்னர் டெட்ராய்ட் சென்று ஆஸ்டியோபதி மருத்துவமனையில் அறுவைப் பயிற்சி முடித்து அறுவை மருத்துவரானார். 1994-இல் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். பல கதவுகள் சாத்தியிருந்த காலத்தில் அந்தச் சின்ன மருத்துவமனைகள் எத்தனை பேருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தன என்பதை இப்போது யாரும் நினைப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டோ பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் கரைந்தோ போய்விட்டன.

மிச்சமிருந்த டி.ஓ. பயிற்சி இடங்களுக்கும் 2014-இல் ஒரு முடிவு வந்தது. எம்.டி., டி.ஓ. பயிற்சித் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே அங்கீகார அமைப்பின்கீழ் கொண்டுவர ஒப்பந்தம் கையெழுத்தானது. 2015-இல் தொடங்கிய மாற்றம் 2020 ஜூனில் முடிந்தது. அதன் பெரும் நன்மையை மறுக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே தரம், ஒரே மேற்பார்வை. ஆனால் அறுவைத் துறைகளில் நடந்தது வேறு. முன்பு டி.ஓ.க்களுக்கென்றே இருந்த எலும்பு அறுவை, காது மூக்கு தொண்டை இடங்களுக்கு இப்போது எம்.டி.க்களும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கிறார்கள், பெறுகிறார்கள். சில சிறிய திட்டங்கள் புதிய தர நிபந்தனைகளை எட்ட முடியாமல் மூடிக்கொண்டன. மறுபக்கம், காலங்காலமாக எம்.டி.க்களை மட்டும் எடுத்துவந்த பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வீட்டுச் சுவரை மட்டும் இடித்துவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்தார்கள்.

இதைச் சொன்னால் சிலர் உடனே மொத்தக் கணக்கைக் காட்டுவார்கள். 2024-ஆம் ஆண்டு ரெசிடென்சி ஒதுக்கீட்டில் இறுதியாண்டு எம்.டி. மாணவர்களில் 93.5 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது, டி.ஓ. மாணவர்களில் 92.3 விழுக்காட்டினருக்கு. 1.2 புள்ளி வித்தியாசத்துக்கா இவ்வளவு கூப்பாடு என்று தோன்றும். அந்த மொத்தத்தைத் துறைவாரியாகப் பிரித்தால்தான் சங்கதி தெரியும். டி.ஓ.க்களில் பெரும்பாலோர் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை நலம், அவசர சிகிச்சை ஆகிய துறைகளுக்குப் போகிறார்கள். உயர்வான துறைகள் அவை. விருப்பத்தோடு போகிறவர்கள் ஏராளம். பிளாஸ்டிக் சர்ஜரிக்கோ இதய மார்பு அறுவைக்கோ நேரடியாக நுழையும் டி.ஓ.க்களை மட்டும் ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவர்களில் நான்கில் ஒரு பங்கு, அந்தத் துறைகளில் விரல் எண்ணிக்கை.

ஒதுக்கீடு செய்யும் கணினி முறையைக் குறைசொல்ல முடியாது. மாணவர் தமக்குப் பிடித்த திட்டங்களை வரிசைப்படுத்துகிறார். திட்டங்கள் தமக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்துகின்றன. கணினி இரண்டையும் பொருத்துகிறது. மாணவரின் விருப்பத்துக்கே முன்னுரிமை தரும்படி இதைத் திருத்தி அமைத்ததில் ஆல்வின் ராத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தகைய பொருத்தங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2012-இல் லாயிட் ஷாப்லியோடு பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஆனால் நேர்காணலுக்கு அழைத்தவரைத்தான் ஒரு திட்டம் தன் வரிசையில் சேர்க்கும். அழைக்கப்படாதவருக்கு அந்த நேர்த்தியான கணக்கால் ஒரு பயனும் இல்லை. அநீதி அதற்கு முன்பே, செப்டம்பரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த அழைப்புக்காக ஒரு டி.ஓ. மாணவி என்ன பாடுபடுகிறார் என்று பார்க்க வேண்டும். முதலில் தேர்வு. டி.ஓ.க்களின் உரிமத் தேர்வு காம்லெக்ஸ், எம்.டி.க்களுடையது யு.எஸ்.எம்.எல்.இ. சட்டப்படி அவருக்கு முதலாவது போதும். ஆனால் பல அறுவைத் திட்டங்கள் இரண்டாவதன் மதிப்பெண் இல்லாமல் பேச்சுக்கே வராது. ஆகவே ஒரே பாடங்களுக்காக, சில வார இடைவெளியில், எட்டு மணி நேரத் தேர்வு இரண்டை எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் 600 டாலருக்கு மேல் கட்டுகிறார். 2022-இல் இரண்டு தேர்வுகளின் முதல் கட்டமும் மதிப்பெண் இல்லாமல் வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாற்றப்பட்டது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கச் செய்தார்கள், நல்ல நோக்கம்தான். ஆனால் பெயர் பெற்ற கல்லூரியில் படிக்காத மாணவிக்கு, “நானும் சளைத்தவள் இல்லை” என்று காட்ட இருந்த முதல் எண் போய்விட்டது. எண் மறைந்ததும் கல்லூரியின் பெயர் கூடுதலாகக் கனக்கத் தொடங்கியது.

அடுத்தது நேரில் போய் உழைத்துக் காட்டும் மாதங்கள். ஆடிஷன் ரொட்டேஷன் என்கிறார்கள். எம்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் தன் கல்லூரி மருத்துவமனையிலேயே எலும்பு அறுவைத் துறை இருக்கும். முதலாண்டிலிருந்தே பேராசிரியர்களுக்கு அவர் முகம் தெரியும். டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனையே கிடையாது. எனவே நம் மாணவி சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு மாநிலத்தில் ஒரு மாதம், இன்னொரு மாநிலத்தில் ஒரு மாதம் என்று போகிறார். இருக்கும் வீட்டுக்கும் வாடகை, போன ஊரிலும் வாடகை. காலை நாலரைக்கு வார்டில் நிற்க வேண்டும். முந்தின நாள் அறுவை முடிந்தவர்களின் கட்டைப் பிரித்துப் பார்த்து, வடிகுழாயில் எத்தனை மில்லி இறங்கியது என்று குறித்துக்கொண்டு, ரெசிடென்ட் வருவதற்குள் பட்டியலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பிறகு அறுவை அரங்கில் மணிக்கணக்காக, காயத்தின் விளிம்பை விலக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கடைசியில், “தோலைத் தைக்கிறாயா?” என்று ஒரு கேள்வி வரும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் வாடகை அறையில் இரவெல்லாம் நாற்காலிக் கையில் நூலைக் கட்டி முடிச்சுப் பழகியிருப்பார். இதற்குக்கூட வழிவிடாத இடங்கள் உண்டு. வெளிக்கல்லூரி மாணவர்களை ஏற்கும் சில நிறுவனங்கள் டி.ஓ. என்றால் ஏற்பதில்லை, சில கூடுதல் கட்டணம் கேட்கின்றன.

இதற்கு மேல் சிக்னல் என்று ஒன்று வந்திருக்கிறது. எலும்பு அறுவைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும், “உங்கள் திட்டத்தில் எனக்கு உண்மையான நாட்டம்” என்று 30 திட்டங்களுக்குக் குறி காட்டலாம். 2022-23-லிருந்து நடக்கிறது. குறி காட்டாத திட்டத்திலிருந்து அழைப்பு வருவது அரிது. டி.ஓ.க்களைச் சலித்து எறியும் திட்டங்கள் எவை என்று வெளிப்படையாகத் தெரிந்தால், அந்த மாணவி தன் 30 குறிகளைச் சரியாகச் செலவழிப்பார். தெரியாததால் எத்தனையோ குறிகள் சுவரில் எறிந்த கல்லாகப் போகின்றன. நிராகரிப்பதைவிட, நிராகரிக்கப் போவதை மறைத்து விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டவிடுவது இன்னும் மோசம்.

திட்ட இயக்குநர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நான்கைந்து இடங்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. அவர்களும் பகலில் அறுவை செய்துவிட்டு இரவில் இவற்றைப் புரட்டுகிறவர்கள்தான். காம்லெக்ஸ் மதிப்பெண் அவர்களுக்குப் பழக்கமில்லை. போட்டித் துறைகளில் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். நரம்பு அறுவையில் இடம் பெறும் எம்.டி. மாணவர்கள் தங்கள் பெயரில் காட்டும் கட்டுரைகளும் கருத்தரங்க உரைகளும் சராசரியாக முப்பதைத் தாண்டிவிட்டன. ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் படித்தவர் இந்த எண்ணிக்கைக்கு எங்கே போவார்? சுமை உண்மைதான். ஆனால் சுமையைக் குறைக்க மதிப்பெண்ணில் ஒரு கோடு போடலாம், சிக்னலைப் பார்க்கலாம், கடிதங்களைப் பார்க்கலாம். அவை எல்லாம் மாணவர் செய்ததை அளக்கும் வழிகள். எந்தக் கல்லூரி தனக்கு இடம் கொடுத்தது என்பது மட்டும், இருபத்திரண்டு வயதில் நடந்து முடிந்துபோன சங்கதி.

டி.ஓ. என்றால் சிகிச்சை மட்டம் என்ற நினைப்புக்கும் ஆதாரம் இல்லை. 2023-இல் ‘அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 2016 முதல் 2019 வரை மருத்துவமனையில் சேர்ந்த, மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு பெற்ற முதியவர்களில் 3 லட்சத்து 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், எம்.டி. பார்த்தவர்களில் 9.4 விழுக்காடு, டி.ஓ. பார்த்தவர்களில் 9.5 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றுதான் முடிவு. பொது மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு அது, அறுவை பற்றியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான்காண்டுப் படிப்பில் அடிப்படை பழுது இருந்தால் அது முதலில் தெரிய வேண்டிய இடம் வார்டுதான். கத்தி பிடிக்கும் திறமை வருவது அதற்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுப் பயிற்சியில். அந்தப் பயிற்சி இப்போது எல்லோருக்கும் ஒரே தரத்தில் நடக்கிறது.

இந்த வழக்கில் பழி முழுவதையும் எம்.டி. மருத்துவமனைகள்மேல் போட்டுவிட்டு டி.ஓ. தலைமை ஒதுங்கிக்கொள்ள முடியாது. புதிய டி.ஓ. கல்லூரிகள் தொடர்ந்து முளைக்கின்றன. பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். நான்காண்டுக் கல்விக் கட்டணமே பல இடங்களில் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மூன்றாம் ஆண்டு வந்ததும் மாணவர்களைச் சுற்றுவட்டாரச் சிறு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே கற்றுக்கொடுப்பவர்கள் நல்ல மருத்துவர்கள்தான். ஆனால் எலும்பு அறுவைத் துறைத் தலைவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம் கேட்டால், அப்படி ஒரு துறையே அங்கு இருக்காது. அறுவை ரெசிடென்சியைத் தொடங்கக் கல்லூரி முதல் போட வேண்டும். புதிய வளாகம் திறந்தாலோ கட்டணம் வரும். பல நிர்வாகங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்பது கண்கூடு.

காம்லெக்ஸ் விஷயத்திலும் என் கருத்து டி.ஓ. தலைமைக்குப் பிடிக்காது. தனித் தேர்வை விட்டால் கலிபோர்னியாவில் நடந்ததுபோல நாடு முழுவதும் கரைந்துபோவோம் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. வரலாறு தெரிந்தவர்கள் அந்த அச்சத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் அடையாளத்தைக் காப்பதற்கான செலவை ஒவ்வொரு ஆண்டும் இருபத்தைந்து வயது மாணவர்கள் இரட்டைத் தேர்வாகக் கட்டுகிறார்கள். பொதுவான பாடங்களுக்கு இரு தரப்புக்கும் ஒரே தேர்வு, கைச்சிகிச்சைக்கு மட்டும் டி.ஓ.க்களுக்குக் கூடுதலாக ஒரு தாள் என்று வைத்தால் அடையாளமும் நிற்கும், இயக்குநர்களின் சாக்கும் போகும்.

இது மருத்துவர்களுக்குள் இருக்கும் சண்டை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், இதில் பொதுப் பணம் இருக்கிறது. ரெசிடென்ட்களின் பயிற்சிக்கு மெடிகேர் ஆண்டுதோறும் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கொடுக்கிறது. அதன் நிதி பெறும் இடங்களுக்கு 1997-இல் நாடாளுமன்றம் உச்சவரம்பு வைத்தது. இடங்கள் கிராக்கியானதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஒதுக்கீட்டு முறையே மருத்துவர்களின் ஊதியத்தை அமுக்குகிறது என்று 2002-இல் சிலர் வழக்குப் போட்டபோது, போட்டித் தடைச் சட்டம் அதைத் தொடாது என்று 2004-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுக் காப்பாற்றியது. மக்கள் வரிப்பணமும் சட்டப் பாதுகாப்பும் வாங்கிக்கொள்ளும் மருத்துவமனை, யாரை எந்த அடிப்படையில் சலிக்கிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டது. அப்படிச் சொல்ல வைக்கும் மசோதா ஒன்று 2023-இல் பிரதிநிதிகள் அவையில் வைக்கப்பட்டது. மெடிகேர் பணம் பெறும் பயிற்சித் திட்டங்கள் எம்.டி., டி.ஓ. விண்ணப்பங்கள் எத்தனை வந்தன, எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். காம்லெக்ஸை ஏற்பதாகவும் உறுதி தர வேண்டும் என்பது அதன் சாரம். இட ஒதுக்கீடு கேட்கவில்லை, கணக்கையும் அந்த உறுதியையும்தான் கேட்டது. அதுகூட அந்த நாடாளுமன்றத்தின் காலத்துக்குள் சட்டமாகவில்லை.

டி.ஓ. கல்லூரிகள் பல இருப்பது கென்டக்கியின் பைக்வில், மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க் போன்ற மலையடிவார ஊர்களில். சுரங்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் வாழும் பகுதிகள் அவை. இடுப்பெலும்பு முறிந்த முதியவரை மணிக்கணக்கில் காரில் கொண்டுபோக வேண்டிய கிராமப்புறங்கள் அமெரிக்காவிலும் உண்டு. அறுவை மருத்துவர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் வராமல் அறுவை அரங்கையே பூட்டிவிடுகிற சிறு மருத்துவமனைகளும் உண்டு. அந்த மண்ணிலேயே பிறந்து, அங்கேயே படித்து, திரும்பிப்போக மனமும் உள்ள ஒருவரை மருத்துவமனையின் சலிக்கும் கட்டத்தில் நிறுத்திவிட்டால், இழப்பு அவரோடு முடிவதில்லை.

சட்டம் வருகிறபோது வரட்டும். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள், பிள்ளைக்கு அறுவைத் துறையில் கண் இருந்தால், சேர்க்கைப் பணத்தைக் கட்டும் முன் கல்லூரியிடம் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். எந்தெந்த அறுவைத் துறைகளில் உங்களுக்குச் சொந்த ரெசிடென்சி இருக்கிறது? கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் மாணவர்கள் எந்த மருத்துவமனைகளில், எந்தத் துறைகளில் இடம் பெற்றார்கள்? யு.எஸ்.எம்.எல்.இ. எழுதப் படிப்பு விடுப்புத் தருவீர்களா? ஆய்வுக்கு யார் வழிகாட்டி, எங்கே ஆய்வுக்கூடம்? ரொட்டேஷனுக்கு வெளிமாநிலம் போனால் செலவில் பங்கு ஏற்பீர்களா? நல்ல கல்லூரிகள் இவற்றுக்குத் தயங்காமல் பட்டியலோடு பதில் சொல்கின்றன. “எங்கள் மாணவர்களுக்கு எல்லாத் துறைகளும் திறந்திருக்கின்றன” என்று மட்டும் ஒரு கல்லூரி சொன்னால், எந்தத் துறைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று திரும்பக் கேளுங்கள்.